பருவ வயதில் தைராய்டு: சந்தேகம் வந்த நாளிலிருந்து மாத்திரை பழகும் வரை

என் மகளுக்கு 13 வயதில் ஹஷிமோட்டோ தைராய்டு (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) என்று தெரிந்தது. இப்போது அவளுக்கு 19. இந்த ஆறு வருடங்களில் உறவுக்காரர்கள், அவள் தோழிகளின் அம்மாக்கள் என்று நிறையப் பேர் லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டேன். முதல் தடுமாற்றமே ரத்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பிப்பதுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒரு நோட்டு, அளவு நாடா, எடை மெஷின், பிள்ளையின் பழைய உயரம் எழுதியிருக்கும் ஏதாவது ஒன்று (பள்ளி ரெக்கார்டு, தடுப்பூசி அட்டை, சுவரில் போட்ட பென்சில் கோடு), மாதவிடாய் தேதி குறித்த காலண்டர். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை யாருக்குத் தைராய்டு, சிறு வயதிலேயே வந்த இன்சுலின் சர்க்கரை நோய், வெண்புள்ளி, புழுவெட்டு இருந்தது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இவை எல்லாம் உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்பையே தாக்குவதால் வருபவை. ஒரே குடும்பத்தில் வெவ்வேறு ஆளுக்கு வெவ்வேறு உருவில் வரும்.

1. முதலில் உயரத்தை அளங்கள்

வளரும் பிள்ளைக்குத் தைராய்டு குறைந்தால் உயரம் கூடுவது மெதுவாகும். களைப்பு, முடி கொட்டுவது எல்லாம் கவனத்துக்கு வருவதற்கு முன்பே பல சமயம் இது நடந்துகொண்டிருக்கும். என் மகளின் ஏழாம் வகுப்பு யூனிஃபார்ம் ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்திலும் அப்படியே பொருந்தியது. சுடிதாரின் கீழ் மடிப்பைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பரவாயில்லையே, துணிச் செலவு மிச்சம்" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அந்த மடிப்பைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

காலை நேரத்தில், செருப்பு இல்லாமல், கொண்டையோ உச்சிக் கிளிப்போ இல்லாமல், குதிகால் சுவரைத் தொட நிற்க வையுங்கள். தலை மேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் முதுகெலும்பு சற்று அமுங்கியிருக்கும், உயரம் குறைத்துக் காட்டும். அதனால் எப்போதும் காலையில்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

பருவ மாற்றம் ஆரம்பிக்காத பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும். வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் பெண் பிள்ளைகள் வருடத்துக்கு ஏறக்குறைய 8 செ.மீ., ஆண் பிள்ளைகள் 9, 10 செ.மீ. வரை போவார்கள். வருடத்துக்கு 4 செ.மீ.கூட இல்லை, மாதவிடாயும் இன்னும் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் வந்த பிறகு வேகம் தானாகவே குறையும். அதற்குப் பின் பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரைதான் மிச்சம் இருக்கும். அதை நோய் என்று நினைக்க வேண்டாம்.

இதில் இன்னொரு பயன். சாப்பாட்டால் குண்டாகும் பிள்ளை பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமோ, கூடுதல் உயரமோ இருக்கும். எடை ஏறி உயரம் நின்றுபோனால்தான் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டும். சடங்கு முடிந்து உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் மாதங்களில் எடை ஏறினால் எல்லாரும் களியைக் காரணம் சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் அது களியா தைராய்டா என்று சொல்லப்போவது உங்கள் சுவரில் இருக்கும் கோடுதான்.

2. உள்ளே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விட்டால் ரிப்போர்ட் புரியாது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைத் தைராய்டுக்கு அனுப்பி "வேலை செய்" என்கிறது. தைராய்டு டி4, டி3 இரண்டையும் சுரக்கிறது. டி4 குறைந்தால் பிட்யூட்டரி இன்னும் உரக்கக் கூப்பிடும், டி.எஸ்.எச். ஏறும். டி4 அதிகமானால் குரலைத் தாழ்த்தும், டி.எஸ்.எச். இறங்கும். அதாவது டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு குறைவு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு "தைராய்டு அதிகமாயிடுச்சாம்" என்று போன் செய்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது எதிர்ப்பு மண்டலம். ஹஷிமோட்டோவில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தைராய்டுக்குள் புகுந்து, சைட்டோகைன் என்ற ரசாயன செய்திகளை அனுப்பி மற்ற அணுக்களையும் வரவழைக்கின்றன. பி செல்கள் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகின்றன. அதில் முக்கியமானது, ஹார்மோன் தயாரிக்கத் தேவையான டி.பி.ஓ. என்ற நொதிக்கு எதிரானது. ரத்தத்தில் நாம் அளப்பது இந்த ஆன்டிபாடியைத்தான். சுரப்பியை நேரடியாகச் சிதைக்கும் வேலையைப் பெரும்பாலும் அணுக்கள் செய்கின்றன. ஆன்டிபாடி அங்கே சண்டை நடப்பதற்கான அடையாளம்.

இது ஏன் பருவ வயதில், அதுவும் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு கூடுதலாக வருகிறது? ஈஸ்ட்ரோஜன், ஆன்டிபாடி உருவாக்கும் பக்கத்தை ஊக்கப்படுத்துகிறது. டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பு மண்டலத்தைச் சற்று அடக்கி வைக்கிறது. இது காரணங்களில் ஒன்றுதான், பரம்பரையும் சேர்கிறது. ஆண் பிள்ளைக்கு வராது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

3. அறிகுறிகளை இரண்டு வாரம் எழுதுங்கள்

டாக்டர் முன் உட்கார்ந்ததும் "எப்பவும் டயர்டா இருக்கா" என்பதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வராது. தேதி போட்டு எழுதினால் வரும்.

குறைவுக்கானவை: மலச்சிக்கல், வறண்ட தோல், மற்றவர் ஃபேன் போடும்போது போர்வை தேடுவது, காலையில் முகம் உப்புவது, பாடத்தில் மந்தம், முன்கழுத்தில் வீக்கம். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்தாலோ எண்ணிக்கையோடு எழுதுங்கள். வயதுக்கு வந்த முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது சகஜம். ஆனால் அதிக ரத்தப்போக்கு சகஜம் இல்லை. ரத்தசோகையும் தைராய்டும் ஒரே மாதிரி களைப்பைத் தருவதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகத்துக்கானவை: நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது, படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, கண் சற்றுப் பிதுங்குவது. கையெழுத்து திடீரென்று கெட்டுப்போவதும் இதில் வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதுதான் வழக்கம். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் உருண்டையாகக் கட்டி தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தைராய்டு கட்டி வருவது அரிது. ஆனால் வந்தால் அது புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். உடனே காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

4. ரத்தம் கொடுப்பதற்கு முன்

தலைமுடிக்காகக் கொடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, மென்று தின்னும் பயோட்டின் மிட்டாய் எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். பல லேப் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டலாம். என் மகளுக்கு முடி கொட்டுகிறது என்று நானே இரண்டு மாதம் பயோட்டின் கொடுத்தேன். முதல் ரிப்போர்ட் வந்ததும் தைராய்டு அதிகம் என்று பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோதுதான் உண்மை தலைகீழாக இருந்தது.

காய்ச்சல், டெங்கு, டைபாய்டு சமயத்தில் எடுக்காதீர்கள். உடம்பு நோயோடு போராடும்போது டி3 இறங்கும், தேறி வரும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் ஏறும். அவசரம் இல்லை என்றால் தேறி சில வாரம் கழித்து எடுக்கலாம்.

டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். எப்போதும் காலையில், முடிந்தால் அதே லேபில் எடுங்கள். தைராய்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பிள்ளை அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடட்டும். முன்பே போட்டால் அடுத்த சில மணி நேரம் டி4 உயர்ந்து காட்டும்.

எதை எடுப்பது? டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் கட்டாயம். முதல் முறை ஆன்டி டி.பி.ஓ. ஆன்டிபாடியும் எடுக்கலாம். மொத்த டி4ஐ நம்பி முடிவெடுக்க வேண்டாம். மாதவிடாய் சீராக ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு, ஹார்மோனைச் சுமக்கும் புரதம் ரத்தத்தில் கூடும். மொத்த அளவு ஏறித் தெரியும், ஆனால் உடல் பயன்படுத்தும் ஃப்ரீ டி4 மாறியிருக்காது.

5. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். ஃப்ரீ டி4ஐச் சில லேப்கள் நானோகிராமிலும் சில பிகோமோலிலும் தருகின்றன. டெசிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 13 பிகோமோல். 1.1 என்று இருந்தது அடுத்த லேபில் 14 என்று வந்தால் எதுவும் ஏறவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் "நார்மல்" அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு டி.எஸ்.எச். சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு.

டி.எஸ்.எச். 10க்கு மேல், ஃப்ரீ டி4 குறைவு: சுரப்பி தளர்ந்துவிட்டது. மாத்திரை தேவைப்படும். 100ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்து அலற வேண்டாம். கூப்பிடும் சத்தம் பெரிது என்பதுதான் அதன் பொருள், மருந்துக்கு இறங்கிவிடும்.

டி.எஸ்.எச். 5க்கும் 10க்கும் நடுவில், ஃப்ரீ டி4 நார்மல்: இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுளுக்கும் மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தால் பலருக்குத் தானாகவே நார்மலாகியிருக்கும். உடல் பருமனாலேயே டி.எஸ்.எச். இப்படிக் கொஞ்சம் ஏறும். அங்கே எடை காரணம், தைராய்டு விளைவு. மாத்திரை கொடுத்தால் எடை குறையாது, எடை குறைந்தால் டி.எஸ்.எச். இறங்கும். ஆன்டிபாடி, கழுத்து வீக்கம், உயரத் தேக்கம் சேர்ந்திருந்தால் டாக்டர் வேறு மாதிரி முடிவெடுப்பார்.

ஆன்டிபாடி மட்டும் அதிகம், மற்றவை நார்மல்: பொதுவாக மாத்திரை வேண்டாம். 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும். ஆன்டிபாடியின் எண்ணைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு. 300 இருந்தாலும் 1300 இருந்தாலும் மருந்தளவு அதனால் மாறாது.

டி.எஸ்.எச். அடிமட்டம், ஃப்ரீ டி4 அதிகம்: அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். அதில் ஒரு ஆன்டிபாடி, கள்ளச் சாவி போல, டி.எஸ்.எச். வந்து திறக்க வேண்டிய பூட்டைத் திறந்து சுரப்பியை ஓயாமல் ஓட வைக்கும். ஹஷிமோட்டோவின் ஆரம்பத்தில் சிதைந்த சுரப்பியிலிருந்து ஹார்மோன் கசிந்தும் இப்படிக் காட்டும், அது சில வாரங்களிலோ மாதங்களிலோ அடங்கும். இரண்டையும் பிரிக்க, அந்தக் கள்ளச் சாவி ஆன்டிபாடியைப் பார்க்கும் டி.ஆர்.ஏ.பி. பரிசோதனை உதவும். கிரேவ்ஸுக்குக் கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பித்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே டாக்டரிடம் காட்டி ரத்த வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மருந்து அரிதாக வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஃப்ரீ டி4 குறைவு, ஆனால் டி.எஸ்.எச். நார்மல் அல்லது குறைவு: பிட்யூட்டரியிலேயே சிக்கல் இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் எடுத்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். தலைவலி, பார்வைக் கோளாறு இருந்தால் தாமதிக்காதீர்கள்.

6. டாக்டரிடம் போகும்போது

உயரக் குறிப்பு, அறிகுறி நோட்டு, எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். உயரத்தை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். 13 வயது வரை மார்பக வளர்ச்சியே ஆரம்பிக்காத, உயரம் குறைந்த பெண் பிள்ளை என்றால் டர்னர் சிண்ட்ரோம் (பெண் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வரும் ஒரு குரோமோசோம் குறைபாடு) பற்றிக் கேளுங்கள். அதிலும் தைராய்டு குறைவு அடிக்கடி சேர்ந்து வரும். குழந்தைகள் ஹார்மோன் டாக்டர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஆரம்பியுங்கள்.

7. மாத்திரை போடும் முறை

லெவோதைராக்சின் என்பது உடல் சுரக்க வேண்டிய அதே டி4. அளவை எடை, வயது, ரிப்போர்ட் பார்த்து டாக்டர்தான் சொல்வார். ஒரு கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்தால் வளரும் பிள்ளைக்குப் பெரியவர்களைவிடக் கூடுதல் தேவை. அதனால் "அம்மாவுக்கே 50தான், பிள்ளைக்கு 75ஆ?" என்று பாதியாகக் குறைக்காதீர்கள்.

பாட்டிலில் எண்ணை இரண்டு முறை படியுங்கள். 12.5க்கும் 125க்கும் நடுவில் இருப்பது ஒரு புள்ளிதான், மாறினால் பத்து மடங்கு. ஒரே பிராண்டில் தொடருங்கள். மாற்ற வேண்டி வந்தால் 6 முதல் 8 வாரத்தில் ரத்தம் பாருங்கள்.

எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். காபியும் பாலும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எங்கள் வீட்டில் ஐந்து மாதம் மருந்தளவு ஏறிக்கொண்டே போனது. பார்த்தால் என் மாமியார் பேத்தி மேல் உள்ள பாசத்தில் மாத்திரையையும் காபியையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மாறி காபியைத் தள்ளிவைத்ததும் அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சல் மருந்து எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாரம் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தைராய்டு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தானாகவே இடைவெளி கிடைத்துவிடுகிறது.

பாட்டிலை ஃப்ரிட்ஜ் தலைமேலோ, அடுப்புக்கு அருகிலோ, ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். வேறு டப்பாவுக்கும் மாற்ற வேண்டாம்.

ஒரு நாள் காலை மறந்தால் அன்றைக்கே, நினைவு வந்ததும், சாப்பாட்டிலிருந்து தள்ளிப் போடலாம். இந்த ஹார்மோனில் பாதி, ஒரு வாரம் கழித்தும் உடலில் இருக்கும். ஒரு நாள் விட்டதால் எதுவும் கெட்டுவிடாது. அடிக்கடி விடுவதுதான் கெடுதல்.

ஆரம்பித்த சில வாரங்களில் பிள்ளை துறுதுறுப்பாக, எரிச்சலாக மாறலாம், முடி கொஞ்சம் கூடுதலாகக் கொட்டலாம். மந்தமாக இருந்த உடல் விழித்துக்கொள்வதால் வருவது, தணிந்துவிடும். கடும் தலைவலியோடு வாந்தி அல்லது மங்கிய பார்வை வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

8. மறுபரிசோதனை

மருந்து ஆரம்பித்தாலோ அளவு மாறினாலோ 6 முதல் 8 வாரம் கழித்து எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் டி.எஸ்.எச். இன்னும் நிலைக்கு வந்திருக்காது, தேவையில்லாமல் அளவை மாற்ற நேரும். நிலைப்பட்ட பிறகு, வளர்ந்து முடியும் வரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. எடை கூடக் கூட அளவும் மாறும், அது நோய் முற்றுவது அல்ல.

டி.எஸ்.எச். அதிகமாகவும் ஃப்ரீ டி4 நார்மலாகவோ கூடுதலாகவோ வந்தால், மாத்திரையைப் பல நாள் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கலாம். டி4 சீக்கிரம் ஏறிவிடும், டி.எஸ்.எச். இறங்க வாரக்கணக்கில் ஆகும். அளவைக் கூட்டச் சொல்லும் முன் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். நான் துவைக்கப் போட்ட தலையணை உறையில் மூன்று குட்டி மாத்திரைகளைப் பார்த்தேன். திட்டவில்லை. "ஹாஸ்டல்ல சேர்ந்தா எல்லாரும் கேப்பாங்க, என்ன நோய்னு" என்றாள். மாத்திரையை விட அந்தக் கேள்விதான் அவளுக்குக் கசந்திருக்கிறது.

9. உப்பும் உணவும்

அயோடின் கலந்த உப்பு என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கல் உப்பில் பல சமயம் அது இருக்காது. மூடிய டப்பாவில் வைத்து, சமையலின் கடைசியில் சேர்த்தால் அயோடின் இழப்பு குறையும். அதே சமயம், ஹஷிமோட்டோவுக்கு அயோடினைக் கூட்டுவது மருந்து இல்லை. கடற்பாசி மாத்திரை போன்றவை நிலைமையை மோசமாக்கலாம். சமைத்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர் அளவாகச் சாப்பிடலாம். மீல் மேக்கரை மட்டும் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

10. பிள்ளையின் கையில் ஒப்படைப்பது

"கல்யாணத்துக்குப் பார்க்கும்போது பிரச்சினை வரும், யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லும் வீடுகளில்தான் மாத்திரை தலையணைக்குள் போகிறது. பிள்ளையிடம் ஒரு வரி சொல்லிக்கொடுங்கள்: "என் தைராய்டு கம்மியா சுரக்குது, அதை மாத்திரையா போட்டுக்கறேன்." இது தொற்றாது, படிப்பையோ விளையாட்டையோ தடுக்காது, அளவு சரியாக இருந்தால் பின்னாளில் குழந்தைப்பேற்றையும் தடுக்காது. கருத்தரித்ததும் அளவைக் கூட்ட வேண்டி வரும் என்பதை மட்டும் வளர்ந்த பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

14 வயதில் மாத்திரையை அவளே எடுக்கட்டும், நீங்கள் பாட்டிலை மாதம் ஒரு முறை எண்ணுங்கள். 16இல் ரிப்போர்ட்டை அவளே டாக்டரிடம் நீட்டட்டும். 18இல் பெரியவர்கள் டாக்டருக்கு மாறும்போது முதல் ரிப்போர்ட், ஆன்டிபாடி ரிப்போர்ட், கடைசி இரண்டு ரிப்போர்ட், இப்போதைய பிராண்டும் அளவும் எழுதிய தாள் ஆகியவை ஒரு உறையில் இருக்க வேண்டும். என் மகள் ஹாஸ்டலுக்குப் போன அன்று அந்த உறையை நான் பெட்டியில் வைக்கத் தேடினேன். அவளே எடுத்து வைத்திருந்தாள், மேலே அடுத்த பரிசோதனைத் தேதியையும் எழுதி.